இருபது ஆண்டு வாழும் பல்லியை ஐந்து நிமிடத்தில் விற்கிறார்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாபநாசம் வட்டத்தைச் சேர்ந்தவன்; தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இதற்கு முன் தங்கள் நாளிதழுக்கு நான் எழுதிய கடிதங்கள் வாய்க்கால் தூர்வாருவது பற்றியும், கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டைகள் மழையில் நனைவது பற்றியும் இருந்தன. இம்முறை எங்கள் வீட்டில் வளரும் ஒரு பல்லியைப் பற்றியும், அதைப் போன்றவற்றை நம் பக்கத்து நகரங்களில் விற்கும் முறையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போதுதான் இந்த விற்பனை சூடுபிடிக்கிறது என்பதால், அதற்கு முன்பே இது பெற்றோர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம், ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த என் பேரனை அழைத்துக்கொண்டு, மீன்தொட்டிக்கு மோட்டார் வாங்க ஒரு வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனேன். கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. குறை ஒரு கடையோடு நிற்பதல்ல. அங்கே ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு, நடுவிரல் நீளத்தில் ஒரு பல்லிக்குஞ்சு இருந்தது. 'லெப்பர்டு கெக்கோ', அதாவது சிறுத்தைப் பல்லி என்றார் கடைக்காரர். பேரன் டப்பாவை விட்டு நகரவில்லை. என்ன சாப்பிடும் என்று கேட்டேன். "ஒண்ணும் கஷ்டமில்ல சார், வாரத்துக்கு நாலு புழு போட்டா போதும், நாய் பூனை மாதிரி தொல்லையே கிடையாது" என்றார். எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். அவர் எழுதித் தந்த துண்டுச் சீட்டில் 'ஃபேன்சி பல்லி – 1' என்று மட்டும் இருந்தது. கடைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தப் பல்லி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து முதல் இருபது ஆண்டு வரை வாழக்கூடியது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் பேரன் படித்து முடித்து, வேலைக்குப் போய், திருமணமும் செய்துகொள்ளும் வயது வரை அது உயிரோடு இருக்கும். எனக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. போட்டுப் பார்க்கச் சொல்லாமல் விற்றது கடையின் தவறு.

பல்லி நமக்குப் புதியதல்ல. சங்கப் பாடல்களிலேயே பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கேட்டிருக்கிறார்கள். இன்றும் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க வரிசையில் நிற்கிறோம். ஆனால் சுவரில் ஓடும் பல்லியை நாம் யாரும் வளர்ப்பதில்லை. அது தானாக வந்து, தன் இரையைத் தானே தேடி, நம் வீட்டில் குடியிருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தான் 'பல்லிதானே, அதுபாட்டுக்குக் கிடக்கும்' என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

இந்தச் சிறுத்தைப் பல்லியோ வேறு வகை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களின் வறண்ட கற்பாங்கான நிலம்தான் அதன் தாயகம். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் 1854-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். வீட்டுப் பல்லியின் விரல்களுக்கு அடியில் இருக்கும் ஒட்டும் பட்டைகள் இதற்குக் கிடையாது. சுவரிலோ கண்ணாடியிலோ ஏறாது, தரையில்தான் நடக்கும். வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை இல்லை, அது நாக்கால் நக்கித்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கோ இமை உண்டு. பகலில் ஓட்டுக்கு அடியில் இது இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு உறங்குவதை முதன்முதலாகப் பார்த்தபோது, "தாத்தா, நம்மள மாதிரியே தூங்குது" என்று என் பேரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் அதன் தடித்த வால்தான். வால் மெலிந்தால் உடம்பு கெட்டுவிட்டது என்று பொருள். பயந்தாலோ, வாலைப் பிடித்துத் தூக்கினாலோ வாலை உதறிவிடும். மறுபடி முளைக்கும், ஆனால் பழைய வடிவம் வராது.

கடைக்காரர் சொன்னபடியே வாரத்துக்கு நான்கு புழுக்கள் போட்டோம். ஐப்பசி அடைமழை தொடங்கியபோது பல்லி நடப்பதில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பு வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடந்தது, இப்போது வயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. விரல்கள் சில நேரம் தாமாக நடுங்கின. புழுவைப் பார்க்கும், கவ்வப் போகும், வாயை மூடும்போது தவறவிடும். வயதாகிவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அதற்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை.

அருகிலிருந்த இரண்டு கால்நடை மருத்துவர்களிடம் காட்டினேன். இருவரும் நல்லவர்கள், மாடு, ஆடு, நாய் என்றால் பார்ப்போம், ஊர்வனவற்றுக்கு மருந்து கொடுத்துப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் திருச்சியில் ஒரு மருத்துவர் பார்த்தார். பல்லியை உள்ளங்கையில் வைத்து, அதன் கீழ்த்தாடையைச் சுண்டுவிரல் நுனியால் மெல்லத் தொட்டு, "இங்க பாருங்க ஐயா" என்றார். எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பர் போல உள்ளே அமுங்கி மீண்டது. எக்ஸ்ரேயில் முன்கால் எலும்பு வளைந்திருந்தது. அன்று அதன் எடை 19 கிராம்.

சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு மென்மையாகும் நோய் அது. நாம் வாங்கிப் போடும் மாவுப்புழுவிலும் சுவர்க்கோழியிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அவற்றை மட்டும் தின்று வளரும் குட்டி, தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கிவிடும். தின்றதை உடம்பு ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி3-யும் வேண்டும். அதனால் இரையைக் கால்சியத் தூளில் புரட்டித்தான் கொடுக்க வேண்டும், டி3 கலந்த தூளை இடையிடையே அளவோடு சேர்க்க வேண்டும். ஒரு டப்பாத் தூள் பல மாதங்களுக்கு வரும். பல்லியை விற்றவர் அந்த ஒரு டப்பாவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தச் சிறிய உயிர் அத்தனை மாதம் எலும்பு கரைந்து வேதனைப்பட்டிருக்காது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்புச் சத்து என்று கேட்டதும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தொட்டுக் கொடுக்கலாமே என்று எங்கள் தெருவில் ஒருவர் அன்போடு யோசனை சொன்னார். வெற்றிலை போடும் வீடுகள் நிறைந்த நம் பகுதியில் வேறு யாருக்கும் இது தோன்றக்கூடும். தயவுசெய்து செய்துவிடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு காரம் மிக்கது, அதன் வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். பல்லிக்குத் தருவது கால்சியம் கார்பனேட் தூள், இரண்டும் வேறு.

இரையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வட்டாரத்தில் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வரப்பில் இறங்கினால் வெட்டுக்கிளி, விளக்கைப் போட்டால் பூச்சி என்று இருக்கும் ஊரில், புழுவைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்று யாரும் கேட்பார்கள். நானும் முதலில் ஒரு நாள் பேரனோடு வரப்பில் வெட்டுக்கிளி பிடித்தேன். ஆனால் குறுவை, சம்பா என்று நடவு முடிந்ததிலிருந்து கதிர் வரும் வரை குருத்துப்பூச்சிக்கும் இலைசுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் மருந்து அடித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த வயலின் வெட்டுக்கிளி உயிரோடு இருக்கிறது என்பதாலேயே அதன் உடம்பில் மருந்து இல்லை என்று ஆகிவிடாது. ஐம்பது கிராம்கூட இல்லாத ஒரு பல்லிக்கு அந்தச் சிறு அளவே போதும். வீட்டுக் கரப்பானும் அப்படித்தான், பக்கத்து வீட்டில் மருந்து தெளித்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? மின்மினியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அதன் உடம்பிலேயே பல்லிகளைக் கொல்லக்கூடிய நஞ்சு உண்டு. சோறு, முட்டை, பழம் ஆகியவை இந்தப் பல்லிக்கு உணவல்ல. உயிருள்ள பூச்சிதான் அதன் உணவு. அது பிடிக்காதவர்கள் இதை வாங்கக் கூடாது.

வழி இருக்கிறது, அதுவும் செலவில்லாத வழி. மாவுப்புழு என்பது ஒரு வண்டின் புழுப்பருவம். அகலமான பிளாஸ்டிக் தாம்பாளத்தில் நான்கு விரல் உயரத்துக்குக் கோதுமைத் தவிட்டைப் பரப்பி, கடையில் வாங்கிய ஐம்பது புழுக்களை விட்டு, ஈரத்துக்கு ஒரு துண்டு கேரட் வைத்தால், சில மாதங்களில் அவை கூட்டுப்புழுவாகி, வண்டாகி, முட்டையிட்டு, தவிடு முழுக்கப் புதுப்புழு நெளியும். தண்ணீர் ஊற்றக் கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். என் மருமகள் முதல் வாரம் அந்தத் தாம்பாளம் இருந்த அறைக்குள்ளேயே போகவில்லை; இப்போது கேரட் நறுக்கும்போது காம்புப்பக்கத்தை எடுத்து வைப்பது அவள்தான். குட்டிக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரை கொடுக்க வேண்டும். பூச்சியின் பருமன் பல்லியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறக் கூடாது.

அடுத்தது வெப்பமும் ஈரமும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குச் சொல்வது. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கத்திரி வெயிலில் விளக்குப் போட்டுத் தொட்டியைச் சூடாக்கினால் பல்லி வெந்துவிடும். தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் 25 அல்லது 26 டிகிரியிலும் இருந்து, பல்லி தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ள முடிய வேண்டும். டெல்டாவில் பங்குனி முதல் ஆவணி வரை நம் கவலை சூடாக்குவது அல்ல, தணிப்பதுதான். வெயில் நேரே விழும் சன்னலோரத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தால் அரை மணி நேரத்தில் அது அடுப்பாகிவிடும். நாங்கள் கூடத்தில், தரையோடு தரையாக வைத்திருக்கிறோம். நண்பகலில் குளிர்ந்த பக்கத்தின் வெளிப்புறத்தில் ஈரத்துணி சுற்றுகிறோம். உள்ளே உடைந்த மண்சட்டியின் பாதியைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். மண்சட்டி தரும் குளிர்ச்சியைக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகை தருவதில்லை.

ஐப்பசியிலிருந்து தை வரை நிலைமை தலைகீழ். வறண்ட நிலத்துப் பிராணிக்கு அடைமழைக் காலத்து ஈரக்காற்று ஆகாது. தொட்டிக்குள் காற்றோட்டம் இல்லையென்றால் தோலில் பூஞ்சைப் புண் வரும், சளி பிடிக்கும். ஆகவே மூடி முழுவதும் கம்பிவலையாக இருக்க வேண்டும், தரையில் விரித்த செய்தித்தாளை நனைந்த உடனே மாற்ற வேண்டும். மணல் விரிக்காதீர்கள், இரையோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். மார்கழி இரவுகளில் மட்டும் தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் சூட்டு விரிப்பு வைக்கலாம், ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை மின்சாரத்தில் இணைக்கவே கூடாது; வயிறு பொசுங்கிப் புண்ணான பல்லிகளின் படங்களை அந்தத் திருச்சி மருத்துவர் காட்டினார். புயல் காலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் மாவட்டத்தின் தென்பகுதி வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றித் தொட்டியின் ஒரு மூலையில் வைத்தால் இரவைக் கடத்திவிடலாம்.

முரணாகத் தோன்றும் ஒன்று: காற்று உலர்ந்திருக்க வேண்டும், ஆனால் தோலுரிக்கும் நேரத்தில் ஒதுங்க ஓர் ஈரமான மூலையும் வேண்டும். மூடியுள்ள ஒரு டப்பாவில் வாசல் வெட்டி, உள்ளே நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவைப் போட்டால் போதும். உடம்பு வெளிறி வெள்ளையடித்தது போல ஆனதும் பல்லி அதற்குள் போய்விடும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும். அதன்பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் பழைய தோல் மோதிரம் போல இறுகி நின்றுவிட்டால், இரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துவிடும். எங்கள் பல்லிக்கு இடது பின்காலில் ஒரு விரல் அப்படித்தான் போயிற்று. இப்போது தோலுரித்த ஒவ்வொரு முறையும் பேரன் ஒரு தட்டில் வெதுவெதுப்பான நீரைக் கணுக்கால் அளவுக்கு ஊற்றிப் பல்லியை நிறுத்தி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் விரல் விரலாகத் துடைத்து எடுக்கிறான். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் அவன் பேசுவதில்லை.

கடைகளில் 'கிரெஸ்டட் கெக்கோ' என்று இன்னொரு வகையும் விற்பனைக்கு வருகிறது. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவுகளைச் சேர்ந்தது. அழிந்துவிட்டது என்று கருதப்பட்டு 1994-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட பிராணி. 28 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தாலே அது தளர்ந்துவிடும். சித்திரையில் நம் வீட்டுக் கூடமே அதைத் தாண்டித்தான் இருக்கிறது. இரவும் பகலும் ஏ.சி. ஓடினால்தான் அது டெல்டாவில் உயிர் பிழைக்கும், மின்சாரம் போனால் அதுவும் இல்லை. இந்த வகையை நம் பகுதியில் யாரும் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வண்ணத்துக்காகக் கூடுதல் விலை கேட்பதிலும் ஏமாற வேண்டாம். சிறுத்தைப் பல்லியில் 'லெமன் ஃப்ராஸ்ட்' என்று எலுமிச்சை மஞ்சளில் ஒரு வகை உண்டு. அந்த நிறத்தைத் தரும் மரபணு மாற்றமே தோலில் கட்டிகளையும் உண்டாக்குகிறது என்பது ஆய்வில் தெளிவாகிவிட்டது. 'எனிக்மா' என்ற வகையில் பல தலை சாய்ந்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், இரையைக் குறி பார்க்க முடியாது. பார்வைக்கு அழகு என்பதற்காக நோயோடு பிறக்கும்படி ஓர் உயிரைப் பெருக்குவதை நம் பணத்தால் ஊக்குவிக்கக் கூடாது.

இனி அந்தத் துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். பல்லி எங்கிருந்து வந்தது? பண்ணையில் பிறந்ததா, காட்டிலிருந்து பிடித்ததா, யாருடைய பெட்டியில் ஒளிந்து வந்தது? 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்ட செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். துளை போட்ட டப்பாக்களில் அடைபட்டு வந்த அவை யாரோ வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கடத்தப்பட்டன. வாங்குபவன் ரசீது கேட்காதவரை அந்தப் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும். நானும் கேட்காதவர்களில் ஒருவன்.

சட்டம் இருக்கிறது. விலங்குகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018-இல் வெளியான வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளின்படி, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் யாரும் கடை நடத்தக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையான சைட்டிஸின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அதைத் தெரிவித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2024-இல் வந்துவிட்டன, ஒன்றிய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டின் வடகிழக்கிலும் காணப்படும் டோக்கே பல்லி 2019-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மருந்துக்கு ஆகும் என்ற பொய்யை நம்பி அதைக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். திருமலை மலைப்பாறைகளில் வாழும் பொன்பல்லியும் நம் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. சிறுத்தைப் பல்லியின் நெருங்கிய உறவினங்கள் இந்தியக் காடுகளிலேயே பல இடங்களில் உண்டு. ஒரு குஞ்சைப் பார்த்து அது எந்த இனம் என்று சாதாரண மனிதரால் சொல்லிவிட முடியாது. ஆகவே எதை வாங்குவதாக இருந்தாலும், இனத்தின் பெயர், எங்கே பிறந்தது, யாரிடமிருந்து வந்தது என்ற விவரங்களோடு எழுத்தில் ரசீது கேட்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் அதை வைத்திருக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்பதே நம் தெருக்களில் இன்னும் பலருக்குத் தெரியாது. பல்லி விஷயத்திலும் அப்படித் தெரியாமல் இருந்துவிடக் கூடாது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். பல்லிக்கு விஷம் கிடையாது, வீட்டுப் பல்லிக்கும் கிடையாது. ஆனால் ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், பல்லி நலமாக இருந்தாலும் இருக்கும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டியின் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தொடவே வேண்டாம். துணைக்கு என்று இரண்டாவது பல்லியையும் வாங்காதீர்கள். இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் இருந்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். அது தனியாக வாழும் பிராணி, தனிமை அதற்குத் துன்பமில்லை. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள ஒரு தொட்டி வளர்ந்த பல்லி ஒன்றுக்கு வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்குத்தான் இன்று யாரிடமும் விடை இல்லை. வாய்க்கால் கரையில் கொண்டுபோய் விடுவது விடையல்ல. ஒன்று, அது இரண்டு நாளில் நாய்க்கோ காக்கைக்கோ இரையாகும். அல்லது, தன் நோயை நம் ஊர்ப் பல்லிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சாகும். மீன்தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் குளத்தில் விட்ட 'டேங்க் கிளீனர்' மீன் இன்று தமிழகத்தின் ஏரிகளிலும் குளங்களிலும் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களைப் படுத்தும் பாடு நமக்குத் தெரியும். இரக்கப்பட்டு விட்டதாகத்தான் அவர்களும் நினைத்திருப்பார்கள்.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாகச் சிலரை வேண்டிக்கொள்கிறேன். மாவட்ட நிர்வாகமும் விலங்குகள் நல வாரியமும் நம் நகரங்களின் கடைகளில் பதிவுச் சான்று இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு பிராணியோடும், அதன் ஆயுள், உணவு, வெப்பம், மருத்துவச் செலவு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுக்கக் கடைகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். அச்சிட ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வட்டார மருத்துவர்களுக்கு ஊர்வனவற்றின் அடிப்படைச் சிகிச்சையில் ஒரு நாள் பயிற்சியை அந்தக் கல்லூரி நடத்த முன்வந்தால், பல்லியை டப்பாவில் வைத்துக்கொண்டு திருச்சிக்குப் பேருந்து ஏற வேண்டியிராது. வளர்க்க இயலாதவர்கள் அச்சமின்றி ஒப்படைக்க ஓர் இடத்தை வனத்துறை அறிவிக்க வேண்டும்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒன்று. பிள்ளை கேட்டதும் வாங்கித் தராதீர்கள். மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று மாதமும் தவிட்டுத் தாம்பாளத்தில் புழுவை மட்டும் வளர்க்கச் சொல்லுங்கள். கேரட் வைக்கவும், பூஞ்சணம் பிடித்த தவிட்டை மாற்றவும் அந்தப் பிள்ளை மறக்கவில்லை என்றால், அப்போது கடைக்குப் போகலாம்.

எங்கள் பல்லி பிழைத்துக்கொண்டது. மருத்துவர் தந்த கால்சியத்தை ஆறு வாரம் சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட்டோம். முன்கால் வளைவு நிமிரவில்லை, இனி நிமிரவும் செய்யாது என்றார். ஞாயிறுதோறும் பேரன் ஒரு சிறு தராசில் அதை நிறுத்து ஒரு நோட்டில் எழுதுகிறான். சென்ற ஞாயிறு 46 கிராம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இரை போடும் நாட்களையும், மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், எனக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். மகனும் மருமகளும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. இக்கடிதத்தைப் படித்துவிட்டு, வாங்கிய பல்லியை என்ன செய்வதென்று தெரியாமல் யாரேனும் கேட்டால், தயங்காமல் கொடுங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னொரு தொட்டி வைக்க இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.